சொக்சோ மனு ஏன் தள்ளுபடியாகிறது?

ஏறத்தாழ இருபது ஆண்டு காலம் பால்வெட்டி வந்த தொழிலாளி ஒருவரை நாம் சந்தித்தோம். அவருடைய இடக்கண்ணின் கருவிழியில் வெள்ளைத் தழும்பு படர்ந்திருந்தது. ஒரு நாள் விடியற்காலையில் தலைவிளக்கின் வெளிச்சத்தில் மேல்வெட்டு வெட்டிக்கொண்டிருந்தபோது, மரப்பட்டையின் சிராய் ஒன்று தெறித்து அவர் கண்ணில் விழுந்திருக்கிறது. அவர் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எஞ்சிய நிரையை வெட்டி முடித்தார், பால் எடுத்தார், நிறுவைக் கொட்டகையில் கொண்டுபோய் ஊற்றினார். மதியத்திற்கு மேல்தான் தோட்ட மருந்தகத்திற்குச் சென்றார். அங்கே சொட்டு மருந்து விட்டு அனுப்பினார்கள். எவரும் எதையும் எழுதி வைக்கவில்லை. அவரும் எழுதச் சொல்லவில்லை.

இரண்டு வாரங்களில் கண் சிவந்து புண்ணாயிற்று. அரசாங்க மருத்துவமனைக்குச் சென்றபோது, “எப்போது முதல் வலி?” என்று கேட்டார்கள், “பத்து நாளாக” என்று சொன்னார். மருத்துவ அட்டையில் கருவிழிப் புண் என்று மட்டும் எழுதப்பட்டது. அது வேலையில் நேர்ந்த காயம் என்பது எங்கும் பதிவாகவில்லை. ஏழு மாதம் கழித்து, பார்வை திரும்பாது என்பது உறுதியானபின், அவர் சொக்சோவுக்கு மனுச் செய்தார். விபத்து வேலையின்போது நேர்ந்ததற்கு ஆதாரம் இல்லை என்று பதில் வந்தது.

மனிதர் பொய் சொல்லவில்லை. சட்டமும் அவருக்கு எதிராக இல்லை. ஆயினும் மனு தள்ளுபடியாயிற்று. இவ்வாறு கைநழுவிப் போகும் அனுகூலங்கள் நம் தோட்டங்களில் பல. எந்தெந்தக் காரணங்களால் அவை கைநழுவுகின்றன என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இரண்டு திட்டங்கள்

1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1971ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டதே சொக்சோ. இன்று பெர்கேசோ என்றும் அதனை அழைக்கிறோம். அதற்கு முன்னர், 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டமே காயமுற்ற தொழிலாளிக்குத் துணையாக இருந்தது. அது ஒரு முறை ஒரு தொகை கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்துவிடும் ஏற்பாடு. சொக்சோவோ, தொழிலாளி வேலை செய்ய இயலாத காலம் வரையிலும், வேண்டுமானால் ஆயுள் முழுவதும், மாதந்தோறும் பணம் கொடுப்பதற்காக ஏற்பட்டது.

சொக்சோவில் இரண்டு திட்டங்கள் உள்ளன என்பதைப் பலர் அறிவதில்லை. முதலாவது, வேலை விபத்துத் திட்டம். வேலையில் நேரும் காயம், வேலைக்குப் போகவர நேரும் விபத்து, தொழிலால் வரும் நோய் ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது, இயலாமைத் திட்டம். நோய் எதுவாயினும், எக்காரணத்தால் வந்ததாயினும், அதனால் ஒருவர் நிரந்தரமாகச் சம்பாதிக்க முடியாமற்போனால் அவருக்கு ஓய்வூதியம் கொடுப்பது இத்திட்டம். சிறுநீரகக் கோளாறு, பக்கவாதம், இருதய நோய் முதலியவற்றால் வேலையை விட நேர்ந்தவர்கள் இதன்கீழ்தான் மனுச் செய்ய வேண்டும்.

சந்தா கட்டும் முறையிலும் வேறுபாடு உண்டு. 60 வயதுக்குட்பட்ட தொழிலாளிக்கு முதலாளி ஏறத்தாழ 1.75 விழுக்காடும், தொழிலாளி 0.5 விழுக்காடும் செலுத்துகின்றனர். மாதம் 1,600 வெள்ளிக்கு மேல் 1,700 வெள்ளி வரை சம்பளம் பெறுபவரிடமிருந்து பிடிக்கப்படுவது 8 வெள்ளி 25 காசு. 60 வயதைக் கடந்தும் வேலை செய்பவருக்கு முதலாளி மட்டும் 1.25 விழுக்காடு செலுத்துகிறார். அவருக்கு வேலை விபத்துத் திட்டம் மட்டுமே உண்டு. 62 வயதில் வேலை செய்துகொண்டிருந்து நோயுற்றவர் இயலாமை ஓய்வூதியம் கேட்டு மனுச் செய்தால், 60 வயதுக்கு முன்பே அந்நோய் தம்மை வேலைக்கு உதவாதவராக்கி விட்டது என்றும், அதன்பின் தாம் சம்பாதிக்கவில்லை என்றும் காட்ட வேண்டும். வேலை செய்துகொண்டே இருந்தவரால் அதனைக் காட்ட முடியாது.

பதிவாகாத காயம்

தள்ளுபடியாகும் விபத்து மனுக்களைப் பற்றி நாம் கேட்டறிந்த வரையில், தலையாய காரணம் காயம் உடனே பதிவாகாமையே ஆகும். பால்வெட்டும் தொழிலாளி காலை வேளையில் தன்னந்தனியாக மரங்களுக்கிடையே இருக்கிறார். சறுக்கி விழுந்தாலும், பாம்பு தீண்டினாலும், குளவி கொட்டினாலும், வெட்டுக்கத்தி கையில் பட்டாலும் பார்த்தவர் எவரும் இருப்பதில்லை. ஆலையில் இயந்திரத்தில் கை சிக்கினால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். மரத்தடியில் முதுகு பிசகினால் மரம் வந்து சாட்சி சொல்லுமா?

சட்டம் தொழிலாளிக்கு இவ்விடத்தில் ஓரளவு சாதகமாகவே உள்ளது. வேலை நேரத்தில் வேலை செய்துகொண்டிருக்கையில் விபத்து நேர்ந்தது என்று நிறுவப்பட்டுவிட்டால், அதற்கு மாறான சான்று இல்லாதவரை, அது வேலையின் காரணமாகவே நேர்ந்தது என்று கொள்ளப்படும். ஆகவே, நாம் நிறுவ வேண்டியது ஒன்றே: இந்த நாளில், இந்த நேரத்தில், இந்த இடத்தில், வேலையின்போது இது நேர்ந்தது என்பது. அதனை அன்றே செய்வது எளிது. ஏழு மாதம் கழித்துச் செய்வது மிகக் கடினம்.

விபத்து நேர்ந்தவுடன் கங்காணியிடமோ கிராணியிடமோ அறிவிக்க வேண்டும். அறிந்த 48 மணி நேரத்திற்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. “சின்னக் காயந்தானே, ஆறிவிடும்” என்று நாமே சொல்லிக்கொள்வதும், “இதற்கெல்லாம் பாரம் எழுதுவார்களா?” என்று ஆபீசில் சொல்வதும் வழக்கமாகிவிட்டன. ஆறிவிட்டால் நல்லதே, பாரம் எழுதியதால் எவருக்கும் ஒரு காசு நட்டமில்லை. ஆறாமற்போனால் அந்தப் பாரமே ஆதாரம். நிர்வாகம் கையெழுத்திட மறுத்தாலும் தாமதித்தாலும், தொழிலாளியோ அவர் சார்பில் குடும்பத்தாரோ சங்கத்தாரோ நேரே சொக்சோ கிளை அலுவலகத்திற்குச் சென்று தெரிவிக்கலாம்.

மருத்துவரிடம் சொல்லும் வார்த்தை இதனினும் முக்கியமானது. “முதுகு வலிக்கிறது” என்று சொன்னால் அவர் முதுகுவலி என்றுதான் எழுதுவார். “இன்று காலை ஏழு மணிக்குப் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கும்போது வழுக்கி விழுந்தேன்” என்று சொன்னால் அதனை எழுதுவார். மாதங்கள் கடந்தபின் மனுவைப் பரிசீலிக்கும் அதிகாரி முதலில் பார்ப்பது, முதல் நாள் மருத்துவர் எழுதிய அந்த ஓரிரு வரிகளைத்தான். நம் தொழிலாளர் பலர் மருத்துவரின் முன் கூச்சத்தால் வாய் திறப்பதில்லை. மலாய் சரளமாக வராதவர்கள் இன்னும் சுருக்கிக்கொள்கிறார்கள். அத்தகையோர் படித்த மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்வது நல்லது.

எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியரிடம் கட்டுப்போடும் பழக்கம் தோட்டங்களில் இன்னும் முற்றாக மறையவில்லை. அவ்வைத்தியத்தின் குணதோஷத்தைப் பற்றி இங்கே நாம் பேச வரவில்லை. ஆனால், பதிவு பெற்ற மருத்துவரின் சான்று இல்லாத நாட்களுக்குத் தற்காலிக ஊன அனுகூலம் கிடைக்காது. முதலில் மருத்துவமனை, எக்ஸ்ரே, விடுப்புச் சான்று; மற்றவை பிறகு.

நாட்கணக்கும் பணக்கணக்கும்

தற்காலிக ஊன அனுகூலம் பெற, விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாட்களுக்கு மருத்துவ விடுப்பு இருக்க வேண்டும். 2 நாள் அல்லது 3 நாள் விடுப்புக்கு மனுச் செய்தால் அது ஏற்கப்படாது. விடுப்பு நாளில் வேலைக்குச் சென்று சம்பளம் பெற்றிருந்தால் அந்நாளுக்கும் கிடைக்காது. வீட்டில் சும்மா இருக்க முடியாமல், “அரை நிரை வெட்டிவிட்டு வருகிறேன்” என்று கிளம்புவோர் இதனை அறிந்துகொள்ள வேண்டும். செக்ரோலில் பெயர் ஏறினால் அது வேலை நாளே.

கிடைக்கும் தொகை, சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு. இந்தச் சராசரி, விபத்துக்கு முந்திய ஆறு மாதங்களில் கட்டப்பட்ட சந்தாவைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. மேலே சொன்ன 1,700 வெள்ளித் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவருடைய சம்பளப் படிக்குச் சட்டம் குறிக்கும் மாதச் சம்பளம் 1,650 வெள்ளி. நாளொன்றுக்கு 55 வெள்ளி. அதில் 80 விழுக்காடு 44 வெள்ளி. இரண்டு வார விடுப்புக்கு 616 வெள்ளி கிடைக்கும். இவருக்கே முதலாளி ஓவர்டைம், கூடுதல் பால் ஊதியம் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்காமல் குறைந்த சம்பளத்திற்குச் சந்தா கட்டியிருந்தால், அனுகூலமும் அந்த அளவுக்குக் குறைந்துதான் வரும். இது முழுத் தள்ளுபடி அன்று. ஆனால் பாதித் தள்ளுபடி. சம்பளச் சீட்டைப் படிக்காமல் மடித்துப் பையில் வைப்போர் அதன் கீழ்ப்பகுதியில் உள்ள சந்தாத் தொகையை ஒரு முறை பார்த்துக்கொள்ளட்டும்.

காயம் ஆறியபின்னும் ஊனம் எஞ்சியிருந்தால், நிரந்தர ஊன அனுகூலத்திற்குத் தனியாக மனுச் செய்ய வேண்டும். தற்காலிக அனுகூலம் கிடைத்துவிட்டதால் மற்றது தானாகவே வரும் என்று காத்திருப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள். விடுப்பு முடிந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். மருத்துவர் குழு தொழிலாளியைப் பரிசோதித்து ஊனத்தின் அளவை விழுக்காட்டில் கூறும். 20 விழுக்காடு வரையில் ஒரே தொகையாகப் பெற்றுக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டால் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாகவும் எஞ்சியதை மாதந்தோறுமாகவும் பெறலாம்.

குழுவின் முன் வருமாறு அழைப்பு வந்தும் செல்லாதவர்களின் மனு அப்படியே நின்றுவிடும். தோட்டத்தை விட்டு வெளியேறிப் பட்டணத்தில் குடியேறியவர்கள் பழைய லயத்தின் முகவரியையே கொடுத்துவிடுகிறார்கள். கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கே பெட்டியில் கிடந்து, பின்பு எவர் கையிலோ சிக்கிக் காணாமற்போகிறது. முகவரி மாறினால் சொக்சோவுக்குத் தெரிவிப்பதற்கு ஒரு பயணம் போதும்.

வழியில் நேரும் விபத்து

முன்பு லயத்திலிருந்து பெரட்டுக்களத்திற்கு நடந்தே சென்றோம். இப்போது பலர் வெளியே தாமான்களில் குடியிருந்துகொண்டு மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்திலும், அனுமதிக்கப்பட்ட இடைவேளையில் உணவுக்காகச் செல்லும் பயணத்திலும், முதலாளியின் வேலையாகச் செல்லும் பயணத்திலும் நேரும் விபத்து வேலை விபத்தாகவே கருதப்படும். ஆனால் வேலைக்குத் தொடர்பில்லாத காரணத்திற்காகப் பயணத்தை இடையில் நிறுத்தினாலோ, வழியை விட்டு விலகினாலோ, அந்த வேளையில் நேரும் விபத்துக்குப் பாதுகாப்பில்லை.

வேலை முடிந்து திரும்புகையில் நண்பர் வீட்டுக்குச் சென்று, அங்கிருந்து வரும் வழியில் மோதினால் மனு தள்ளுபடியாகும். பகல் ஒன்றரை மணிக்கு வேலை முடிந்தவர் மாலை ஆறு மணிக்கு விபத்துக்குள்ளானால், இடைப்பட்ட நேரத்தில் எங்கிருந்தார் என்ற கேள்வி எழத்தான் செய்யும். வழி விபத்துக்குப் போலீஸ் புகார் அவசியம். அதில் எங்கிருந்து எங்கே சென்றுகொண்டிருந்தோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். சாலையின் படம், அன்றைய வருகைப் பதிவு ஆகியவையும் கேட்கப்படும். “கடைக்குப் போகும்போது விழுந்துவிட்டேன்” என்று போலீசில் வாய்தவறிச் சொல்லிவிட்டுப் பிறகு மாற்ற முயன்றவர்களும் உண்டு. உண்மையில் வேலைக்குச் சென்றவர் உண்மையை உள்ளபடி சொன்னால் போதும்.

தோட்டத்திற்குள் குடியிருப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லயம் தோட்டத்திற்குள் இருப்பதனாலேயே அங்கு நேர்வதெல்லாம் வேலை விபத்தாகிவிடாது. ஞாயிற்றுக்கிழமை சொந்த வாழைக்கொல்லையில் அரிவாள் பட்ட காயம் வேலை விபத்தன்று.

ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்வோர்

தோட்டத் தொழிலில் கடந்த சில பத்தாண்டுகளாக ஏற்பட்டுள்ள மாற்றங்களில், சொக்சோவைப் பொறுத்தவரை மிகவும் கவலை தருவது இதுவே. நிர்வாகத்தின் நேரடித் தொழிலாளியாக இருந்தவர், ஒப்பந்தக்காரரின் கீழ் அதே மரங்களை வெட்டுகிறார். சம்பளம் கையில் ரொக்கமாக வருகிறது, சீட்டு இல்லை, சந்தா இல்லை. விபத்து நேர்ந்தால், “அவர் எங்கள் ஆள் அல்லர்” என்று தோட்டமும், “அவர் சொந்தமாகக் குத்தகை எடுத்து வெட்டுபவர்” என்று ஒப்பந்தக்காரரும் சொல்லிவிடுகிறார்கள்.

சட்டம் இதனை முன்னரே எண்ணிப் பார்த்திருக்கிறது. ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு அமர்த்தப்பட்டவருக்கும் சந்தா செலுத்தும் பொறுப்பு முதன்மை முதலாளியையே முதலில் சாரும். அவர் அதனை ஒப்பந்தக்காரரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். தொழிலாளியைப் பதிவு செய்யாமலும் சந்தா கட்டாமலும் இருப்பது குற்றம். அதற்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வேலை விபத்துத் திட்டத்தில் இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளே பாதுகாப்புத் தொடங்குகிறது. முதலாளி கட்டத் தவறியதற்காகக் காயமுற்ற தொழிலாளி மனுச் செய்யாமல் இருந்துவிட வேண்டியதில்லை.

ஆயினும், தாம் ஒருவரிடம் வேலை செய்த தொழிலாளி என்பதைக் காட்டியாக வேண்டும். எந்நேரத்தில் வர வேண்டும், எந்த நிரையை வெட்ட வேண்டும், எப்படி வெட்ட வேண்டும் என்று சொல்பவர் யார்? கத்தியும் மங்கும் கொடுத்தவர் யார்? விடுப்புக்கு யாரிடம் கேட்டார்? இவற்றின் விடையே அவர் தொழிலாளியா, சொந்தமாகத் தொழில் செய்பவரா என்பதை முடிவு செய்யும். ரொக்கமாகச் சம்பளம் வாங்குபவர் தேதி, வெட்டிய மரங்களின் பகுதி, பாலின் நிறை, பெற்ற பணம் ஆகியவற்றை ஒரு பள்ளிக்கூட நோட்டில் அன்றாடம் எழுதி வருவாராயின், அந்நோட்டு வழக்கில் பேருதவியாகும்.

சிறுதோட்டங்களில் உடைமையாளருடன் பங்கு முறையில் பால் வெட்டுவோரின் நிலை வேறு. அவர்களில் பலர் உண்மையிலேயே சுயதொழில் செய்பவர்கள். அவர்களுக்காக 2017ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கென்று தொடங்கிய அத்திட்டம் பின்னர் விவசாயம் உள்ளிட்ட பிற தொழில்களுக்கும் விரிவாக்கப்பட்டது. தாமே சந்தா செலுத்தி அதில் சேர்ந்துகொள்ளலாம். அது வேலை விபத்துக்கு மட்டுமே உரியது. நோயினால் வரும் இயலாமைக்கு அதில் இடமில்லை.

உடன் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஜனவரி 1 முதல் வேலை விபத்துத் திட்டத்திலும், 2024 ஜூலை 1 முதல் இயலாமைத் திட்டத்திலும் அவர்கள் சேர்க்கப்பட்டுள்ளனர்.

இயலாமை ஓய்வூதியம்

இத்திட்டத்தில் மனுக்கள் தள்ளுபடியாவதற்கு இரண்டு பெருங்காரணங்கள்: ஒன்று மருத்துவம், மற்றொன்று கணக்கு.

சட்டம் கூறும் இயலாமை, வெறும் நோயன்று. குணமாகாத, அல்லது குணமாகும் எனக் கருத முடியாத நிரந்தர நிலை இருக்க வேண்டும். அதனால் அவர், தம் உடல் வலிமைக்கேற்ற வேலை எதனைச் செய்தும், உடல் நலமுள்ள தொழிலாளி ஒருவர் வழக்கமாகச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடச் சம்பாதிக்க முடியாதவராக இருக்க வேண்டும். இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். “என்னால் இனிப் பால் வெட்ட முடியாது” என்பது போதாது. பால் வெட்ட முடியாதவர் காவல் வேலை பார்க்க முடியுமா, நாற்றங்காலில் பை நிரப்ப முடியுமா என்று மருத்துவர் குழு எண்ணிப் பார்க்கும். நீரிழிவு இருக்கிறது, இரத்த அழுத்தம் இருக்கிறது என்ற அளவில் செய்யப்படும் மனுக்கள் இதனால்தான் ஏற்கப்படுவதில்லை.

சிகிச்சை முடியாத நிலையில் அவசரப்பட்டு மனுச் செய்வதும் தவறு. அறுவை செய்தால் குணமாகும் என்று மருத்துவர் கூறியிருக்க, அதனை மறுத்துவிட்டு இயலாமை கோருவது கடினம். மருத்துவமனைக்குத் தவணைப்படி செல்லாதவரின் அட்டையில் வெற்றிடமே இருக்கும். அதைக் கொண்டு குழு எதனை முடிவு செய்யும்? மூச்சிரைப்பால் எத்தனை அடி நடக்க முடிகிறது, எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, கைவிரல் மடங்குகிறதா என்பன போன்ற விவரங்களைச் சிகிச்சை தரும் மருத்துவர் அறிக்கையில் எழுதினால் மனு வலுப்பெறும். சமூகநல இலாகா வழங்கும் மாற்றுத் திறனாளி அட்டை வேறு, சொக்சோவின் இயலாமை வேறு என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அந்த அட்டையைக் காட்டினால் ஓய்வூதியம் கிடைத்துவிடும் என்று எண்ணி வந்து திரும்பியவர்கள் உண்டு.

இனி, கணக்கு. முழு ஓய்வூதியத்திற்கு, மனுவுக்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதங்களாவது சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல், முதன்முதலில் சந்தா கட்டிய மாதத்திலிருந்து மனு நாள் வரையிலான மொத்த மாதங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சந்தா இருக்க வேண்டும். அதுவும் 24 மாதத்திற்குக் குறையக்கூடாது. மூன்றில் ஒரு பங்கு இருந்தால், அப்போதும் 24 மாதத்திற்குக் குறையாமல், குறைந்த ஓய்வூதியம். முழு ஓய்வூதியம் சராசரிச் சம்பளத்தில் 50 விழுக்காட்டிலிருந்து 65 விழுக்காடு வரை உயரும். குறைந்த ஓய்வூதியம் 50 விழுக்காடு. இவை எதுவும் பொருந்தாமல், 12 மாதச் சந்தாவாவது இருந்தால், கட்டிய சந்தா வட்டியுடன் ஒரே தொகையாகத் திரும்பக் கிடைக்கும், அத்துடன் முடிந்தது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஓர் அம்மையார் 2004 ஜனவரியில் தோட்டத்தில் சேர்ந்து 2006 ஜூன் வரை 30 மாதம் சந்தா கட்டினார். பிறகு ஒப்பந்தக்காரரிடம் பதினைந்து ஆண்டுக்கு மேல் சந்தாவின்றி உழைத்தார். 2022 ஜனவரியில் மீண்டும் நேரடி வேலையில் சேர்ந்து 2023 ஜூன் வரை 18 மாதம் கட்டினார். ஜூலையில் சிறுநீரகம் செயலிழந்து மனுச் செய்கிறார். கடைசி 40 மாதத்தில் அவருக்கு இருப்பது 18, வேண்டியது 24. மொத்த மாதங்கள் 234. மூன்றில் ஒரு பங்கு 78. அவரிடம் இருப்பது 48. ஆகவே ஓய்வூதியம் இல்லை. சந்தா மட்டும் திரும்ப வரும்.

ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்த கடைசி ஆறு மாதத்திற்கு மட்டும் சந்தா கட்டப்பட்டிருந்தால் இவருக்கு ஆயுள் முழுவதும் முழு ஓய்வூதியம் கிடைத்திருக்கும். அந்த ஆறு மாதச் சந்தாவில் தொழிலாளியின் பங்கு ஐம்பது வெள்ளிக்கு உட்பட்டதே. இக்கணக்கைப் போட்டுப் பார்த்தபோது நமக்கே மனம் கனத்தது.

பெயரும் எண்ணும்

கட்டப்பட்ட சந்தாவே காணாமற்போவதும் உண்டு. ஆபீசில் அடையாள அட்டை எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருக்கும். பழைய அட்டையில் ஒரு விதமாகவும் புதிய அட்டையில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருக்கும். முருகையா என்பவர் ஓரிடத்தில் முருகயன் ஆகியிருப்பார். தந்தை பெயரின் எழுத்துகளும் இடத்துக்கிடம் மாறும். அவருடைய பத்தாண்டுச் சந்தா வேறொரு கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும். சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிகள் சிலர் தமக்குச் சொக்சோவே இல்லை என்று எண்ணுகிறார்கள். அது சரியன்று, குடிமக்களைப் போலவே அவர்களும் இரு திட்டங்களிலும் அடங்குவர்.

அடையாள அட்டையுடன் சொக்சோ கிளை அலுவலகத்திற்குச் சென்று சந்தாப் பதிவைக் கேட்டால் காட்டுவார்கள். நோய் வந்தபின் அல்ல, வேலையில் இருக்கும்போதே ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்பது நல்லது. விடுபட்ட மாதங்களுக்குச் சம்பளச் சீட்டைக் காட்டி முறையிடலாம்.

தள்ளுபடிக் கடிதம் வந்தால்

முதலில், கடிதத்தில் கூறப்பட்ட காரணம் எது என்பதைத் தெளிவாகப் படிக்க வேண்டும், அல்லது படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மருத்துவர் குழுவின் முடிவில் குறை இருந்தால், 90 நாட்களுக்குள் மேல்முறையீட்டு மருத்துவர் குழுவுக்கு மனுச் செய்யலாம். அப்போது புதிய மருத்துவ அறிக்கையுடன் செல்வதே பயன் தரும். பழைய தாள்களையே மீண்டும் கொடுத்தால் வேறு முடிவை எதிர்பார்ப்பதற்கில்லை. விபத்து வேலையில் நேர்ந்ததா, மனுதாரர் தொழிலாளியா, சந்தாக் கணக்குச் சரியா என்பன போன்ற மற்ற வழக்குகளுக்குச் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. அங்கே சாட்சிகளையும் கொண்டுபோகலாம். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்க உறுப்பினர்கள் தங்கள் கிளைச் செயலாளரைக் கடிதம் வந்த வாரத்திலேயே காண வேண்டும். நாள் கடத்திவிட்டு எண்பத்தெட்டாம் நாளில் வந்து நிற்பவர்களுக்கு எவரும் அதிகம் செய்ய முடிவதில்லை.

தொடக்கத்தில் கூறிய கண் பாதிக்கப்பட்ட தொழிலாளி அவ்வாறே செய்தார். அன்று பக்கத்து நிரையில் வெட்டிய இருவர், அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பால் ஊற்ற வந்ததைக் கண்டதாக எழுதிக் கொடுத்தார்கள். கங்காணியின் நோட்டில் அந்தத் தேதியில் அவருக்குப் பால் வழக்கத்தைவிடக் குறைவாகப் பதிந்திருந்தது. கண் மருத்துவர், பட்டைச் சிராய் போன்ற பொருள் பட்டால் இத்தகைய புண் உண்டாகக்கூடும் என்று அறிக்கை தந்தார். விபத்து நேர்ந்து பன்னிரண்டு மாதம் நிறைவதற்கு முன்பே முதல் மனுவைச் செய்திருந்ததும் அவருக்கு உதவிற்று. நாம் இதனை எழுதும்போது அவர் மருத்துவர் குழுவின் முன் சென்று வந்து, ஊனத்தின் அளவு எத்தனை விழுக்காடு என்ற கடிதத்திற்காகக் காத்திருக்கிறார். இம்முறை கொடுத்த முகவரி மகளின் வீட்டு முகவரி.